பிணம் பேசிய க்ளோசப்

— ஐயோ அக்கா! எழுந்திரு, எழுந்திரு! தலையைக் குனிஞ்சுட்டு ஓடி வா!

— வந்துட்டேன்டி, இழுக்காத. என்ன அது வெடிச்சது? காதே அடைச்சுப் போச்சு.

— மேல கட்டியிருந்த பெரிய லைட்டுக்கா. பல்பு சிதறிப் போச்சு. நீ படுத்திருந்த கட்டில் பூரா கண்ணாடி. எங்கயாவது பட்டுச்சா? கையைக் காட்டு. கழுத்தைத் திருப்பு.

— ஒண்ணும் படல. மேல போர்த்தியிருந்த வெள்ளைத் துணி காப்பாத்திடுச்சு. பொணமா நடிக்கிறதுல அது ஒண்ணுதான் லாபம். மேக்கப் ரூம் கதவைச் சாத்து. அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சா?

— நம்ம வாலுப் பொண்ணுக்கா? ஒண்ணும் ஆகல. அவ அந்தப் பக்கமா தண்ணி குடிக்கப் போயிருந்தா.

— அதுலயும் அதிர்ஷ்டம் இல்ல. ஒரு துண்டு வந்து குத்தியிருந்தாலாவது நிஜமா அழுதிருப்பா.

— என்னக்கா பேச்சு இது!

— வேற எப்படிப் பேசறது? காலையிலேருந்து மூச்சை அடக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக் கட்டில்ல பொணமாப் படுத்திருக்கேன். அவ என் மேல குனியணும். 'அம்மா'ன்னு சொல்லணும். ஒரு சொட்டு விழணும். அவ்ளோதான் விஷயம். விழுந்துச்சா? ஒவ்வொரு டேக்கிலயும் அவ மூச்சுதான் என் கன்னத்துல படுது. வேற ஒண்ணும் படல.

— முதல் படம்க்கா. பயந்துட்டா.

— பயந்தா அழுகை வரணும். உன் பொண்ணுக்கு வேர்க்குது. மண்டு, இப்படி முன்னாடி வா. முகத்துல வெளுப்பு கலைஞ்சிருக்கா பாரு.

— நெத்தியில மட்டும் கொஞ்சம். நாற்காலில சாஞ்சுக்கோ, முடியைப் பார்க்கறேன். உள்ள கண்ணாடித் தூளா இருக்கு. சீப்பு போட்டா குத்திடும், கையாலயே எடுக்கறேன்.

— எடு. வேற லைட் கட்ட எவ்ளோ நேரம் ஆகுமாம்?

— அரை மணி ஆகும்னு லைட்மேன் சொன்னாரு.

— டைரக்டர் என்ன பண்றார்? கத்தறாரா?

— கத்தல. பேசாம உக்காந்திருக்காரு.

— கத்தலையா? அப்ப முடிஞ்சுது கதை. கத்தினாத்தான் இன்னும் நம்பிக்கை வெச்சிருக்கார்னு அர்த்தம்.

— ஆபீஸ் ரூம்ல வேற ஒரு பொண்ணுக்கு டிரெஸ் அளவு எடுத்துட்டிருக்காங்கக்கா. நானே பார்த்தேன். நம்ம வாலு போட்டிருக்கிற அதே சட்டை, அதே துணி.

— எந்தப் பொண்ணு? ஷாம்பு விளம்பரத்துல தலையை ஆட்டிக்கிட்டே வருவாளே, அவளா?

— அவதான்.

— அவ அழுதுடுவா. பொறந்து முதல் அழுகை அழும்போதே கேமரா எந்தப் பக்கம்னு தேடியிருப்பா. சாப்பாட்டு பிரேக் வரைக்கும்தான் உன் பொண்ணுக்கு டயம். அதுக்குள்ள அழலைன்னா பஸ் ஏறி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவ போறது பெருசில்ல. நான் சிபாரிசு பண்ணிக் கூட்டிட்டு வந்தவ. நாளைக்கு எல்லா ஷூட்டிங் ஃப்ளோர்லயும் 'மேடம் ஒரு மரக்கட்டையைக் கொண்டு வந்து இறக்கினாங்களே'ன்னு சிரிப்பானுங்க.

— மரக்கட்டைன்னு சொல்லாதக்கா. வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு அவ நடிச்சா எனக்கே கண்ணு கலங்கிடும்.

— நீ சோப்பு விளம்பரம் பார்த்தாலே அழறவ. நீயெல்லாம் ஒரு சாட்சியா?

— கிளிசரின் போட்டுப் பார்க்கலாமே?

— கூடாதுன்னுட்டார். கேமராவை மூக்குக்கிட்ட கொண்டு வந்து வெச்சிருக்கார். கிளிசரின் போட்டா கண்ணு அழும், முகம் அழாது. இந்த லென்ஸுக்கு எல்லாம் தெரியும்.

— நான் வேணா போய் அவளை நாலு திட்டு திட்டட்டுமா?

— நீயா? நீ திட்டினா அவ சிரிப்பா. என்னைக்காவது அவ மேல கை நீட்டியிருக்கியா?

— எதுக்கு நீட்டணும்?

— அதான் கோளாறே. அழறதுக்கு அவகிட்ட சரக்கே இல்ல. பள்ளிக்கூடம் விட்டு வந்தா கட்டிப் பிடிச்சு முத்தம், தூங்கும்போது கதை, காய்ச்சல்னா ராத்திரி பூரா விசிறி. இப்படிச் சந்தோஷமா வளர்த்து வெச்சா எப்படி அழுவா? நீ வளர்த்த லட்சணம் அப்படியே க்ளோசப்புல தெரியுது.

— பிள்ளையைச் சந்தோஷமா வளர்த்தது தப்பாக்கா?

— நடிகையாக்கணும்னா தப்புதான். என்னை யார் அப்படி வளர்த்தா? என் முதல் படம் ஞாபகம் இருக்கா உனக்கு?

— நான் ரொம்பச் சின்னவ. வெளிய அம்மா பக்கத்துல உக்காந்திருந்தது ஞாபகம் இருக்கு.

— ஆமா, நீங்க ரெண்டு பேரும் வெளிய நிழல்ல உக்காந்து பன்னு தின்னுட்டிருந்தீங்க. உள்ள எனக்கு அழ வரல. அந்த மீசைக்கார டைரக்டர் கிட்ட வந்து தோள்ல கை போட்டார். காதுல குனிஞ்சு, 'பாப்பா, உங்கம்மா ரோட்டைத் தாண்டும்போது லாரியில அடிபட்டுச் செத்துட்டாங்க'ன்னார். சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்கல. 'ஸ்டார்ட் கேமரா'ன்னு கத்தினார்.

— தெரியும்க்கா. எல்லாப் பேட்டியிலயும் சொல்லியிருக்கியே.

— பேட்டியில பாதியைத்தான் சொன்னேன்.

— மீதி என்ன?

— 'கட்' சொன்னதும் வெளிய ஓடினேன். அம்மா நின்னுட்டிருக்கா, உதட்டுல ஒட்டின பன்னுத் தூளைத் துடைச்சுக்கிட்டு. கட்டிக்கிட்டு விஷயத்தைச் சொன்னேன். அந்த ஆளோட சட்டையைப் பிடிச்சு உலுக்கப் போறான்னு நினைச்சேன். அம்மா அவர்கிட்ட போய், 'ஷாட் ஓகேவா சார்?'னு கேட்டா.

— அம்மா அப்படியா கேட்டா?

— அப்படியேதான். அந்த ஷாட்டுக்குத்தான் எனக்கு முதல் விருது வந்தது. அதனால அவளை நான் குத்தம் சொல்ல மாட்டேன். என்ன, அம்மா நிஜமா செத்த அன்னைக்கு எனக்கு ஒரு சொட்டு வரல. அவளுக்கு அழ வேண்டியதை முன்னாடியே அழுது, அதைப் படமாவும் எடுத்து வித்தாச்சு.

— அன்னைக்கு நீ அப்படி அழுதியேக்கா! ஜனங்க எல்லாம் அம்மாவை விட்டுட்டு உன்னைத்தானே பார்த்துட்டிருந்தாங்க.

— கைக்குட்டையில கிளிசரின் தடவி வெச்சிருந்தேன்.

— அம்மா செத்த அன்னைக்குமா!

— கேட்டுல அத்தனை போட்டோக்காரனுங்க ஏறி நிக்கும்போது வேற என்ன பண்ணச் சொல்றே? சரி, அதை விடு. நான் சொல்ல வந்தது வேற. ஒரு நடிகையை அழ வைக்க அடி உதை எல்லாம் வேணாம். ஒரு வார்த்தை போதும். அதைக் காதுல போடணும். போட்ட உடனே கேமரா ஓடணும். அவ்ளோதான் விஷயம். அவ காதுல என்ன போடலாம்? நீதான வளர்த்தே, யோசிச்சுச் சொல்லு.

— எனக்கென்னக்கா தெரியும்? எதை வேணா சொல்லு. அதை மட்டும் சொல்லிடாத.

— எதை?

— ஒண்ணுமில்ல. தலையை ஆட்டாத, காதுக்குப் பின்னால ஒரு துண்டு சிக்கியிருக்கு.

— மண்டு. எதை மட்டும் சொல்லக் கூடாது?

— வாய் தவறி வந்துடுச்சு. விட்டுடுக்கா.

— ஓ! அதைச் சொல்றியா?

— அக்கா, மெதுவா. வெளிய ஆளுங்க நிக்கறாங்க.

— எனக்கு ஏன் இது தோணாமப் போச்சு! அதை விடப் பெரிய வார்த்தை ஏது? அவளைப் பெத்தவ நான்னு சொன்னா?

— ஐயோ, வேணாம்க்கா!

— கல்லுகூட அழும்டி. அவ அழ மாட்டாளா?

— நீ சத்தியம் பண்ணியிருக்கே. அந்த மலை பங்களாவுல, என் கையைப் பிடிச்சுக்கிட்டு.

— சத்தியமா? நான் பண்ண சத்தியத்தை எல்லாம் ஒண்ணா ஒட்டினா ரெண்டு படத்துக்கு வரும்.

— அது நடிப்பு. இது அப்படியில்ல. கால் முறிஞ்சு படுத்திருக்கேன்னு பேப்பர்ல போடச் சொல்லிட்டு நீ மலை மேல போய் ஒளிஞ்சுக்கிட்டே. நான் இங்க வயித்துல தலகாணியைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். பஸ்ல ஏறினா எல்லாரும் எழுந்து எனக்கு இடம் விடுவாங்க. எனக்குக் குழந்தை பொறக்காதுன்னு டாக்டர் சொல்லி ஒரு வருஷம்கூட ஆகல அப்ப. அந்த இடத்துல உக்காரவும் முடியாது, நிக்கவும் முடியாது.

— அதுவும் ஒழுங்கா நடிச்சியா? வாத்து மாதிரி நடந்தே. இடுப்புல கையை வெச்சு எப்படி நடக்கணும்னு போன்லயே சொல்லிக் கொடுத்தேன்.

— சொல்லிக் கொடுத்தே. அவ பொறந்ததும் துணியில சுத்தி என் கையில கொடுத்தே. 'இனிமே இவ உன் பொண்ணு. நான் செத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன்'னே.

— இப்பத்தான் செத்துட்டேனே. காலையிலேருந்து பொணம்தானே நான்?

— விளையாடாதக்கா. உன் தங்கச்சி கெஞ்சறேன்.

— நான் எங்க விளையாடறேன்? அரை மணியில லைட் எரியும். அவ அழணும். இல்ல, ஷாம்பு வந்து என் மேல குனிவா. உனக்கு எது வேணும்?

— வேற ஏதாவது சொல்லு. 'உங்கம்மா மேல லைட் விழுந்துடுச்சு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாங்க'ன்னு சொல்லு. நான் போய்க் கார்ல படுத்துக்கறேன். உன்னை அந்த மீசைக்காரர் ஏமாத்தின மாதிரி ஏமாத்து.

— அதான் நீ மண்டு. பொய் ஒரு டேக்குக்குத்தான் தாங்கும். க்ளோசப் முடிஞ்சா தள்ளி நின்னு ஒண்ணு எடுப்பார், சைடுலேருந்து ஒண்ணு எடுப்பார். ஒவ்வொண்ணுலயும் அதே அழுகை வேணும். நடுவுல நீ எங்கயாவது தும்மித் தொலைச்சா எல்லாம் போச்சு. எல்லா ஆங்கிளுக்கும் தாங்கணும்னா உண்மைதான் வேணும்.

— அக்கா, அது ஷாட்டுக்குச் சொல்ற விஷயமா?

— வேற எப்பச் சொல்றது?

— வீட்ல வெச்சுச் சொல்லு. இன்னைக்குப் பேக்கப் ஆனதும் அவளை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. பக்கத்துல உக்கார வை. கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லு. நான் குறுக்கே நிக்க மாட்டேன். அவ உன்கூடவே இருந்துட்டாலும் நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். இது போதுமா?

— நீயா பேசறே? நேத்து வரைக்கும் நான் அவ கன்னத்தைத் தொட்டாலே உனக்கு மூஞ்சி சுண்டிப் போகும்.

— அவளை இப்படி நாலு பேர் முன்னாடி உடைக்கிறதுக்குப் பதிலா, அவளை நீயே எடுத்துக்கோ. வீட்ல வெச்சுச் சொன்னா அவ தாங்கிப்பா.

— பேக்கப் ஆனப்புறம் சொல்லி என்னடி பிரயோஜனம்? லைட்டை எல்லாம் கழட்டிடுவாங்களே.

— அக்கா!

— அந்த முகம் ஒரு தடவைதான் வரும், மண்டு. அதை என் வீட்டு சோபாவுல வெச்சு வீணாக்கச் சொல்றியா? அங்க யார் பார்க்கறது? சமையல்காரியா?

— நீ பார்ப்பியே. அது போதாதா?

— போதாது. அவளுக்கே போதாது. இந்த ஒரு ஷாட் வந்துட்டா அவ எங்கயோ போயிடுவா. ஊரே அவ பேரைச் சொல்லும். படம் ஓடட்டும், அப்புறம் நானே மேடையில ஏறி என் பொண்ணுன்னு சொல்றேன். வாரிசுன்னு ஒரு வார்த்தை போதும், போஸ்டர்ல பாதி இடம் கொடுப்பானுங்க. அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. என்கூட ஜோடியாப் பாட்டுப் பாடினவனுக்கெல்லாம் இன்னைக்கு இருபது வயசுல ஜோடி தேடறாங்க. அதே படத்துல நான் அவனுக்கு மாமியார். இந்தப் படத்துல அதுகூட இல்ல, ரெண்டாவது சீன்லயே போய்ச் சேர்ந்துட்டேன். எனக்கும் யாராவது வேணாமா?

— எனக்கு யாருக்கா இருக்கா? அவ அப்பா போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது அவ ஒருத்திதான்.

— அவ அப்பாவா? உன் புருஷன், என் டிரைவர்தானே அவர். நல்ல மனுஷன், வாயைத் திறக்காமலே செத்தார். பார், அவர் காப்பாத்தின ரகசியத்தை நீ ஒரு வார்த்தையில போட்டு உடைச்சே. நீதான முதல்ல எடுத்தே பேச்சை?

— தப்புத்தான். என் நாக்கை அறுத்துப் போட்டுடு. ஆனா சொல்லாத.

— அவ என்கிட்ட வந்துட்டா உன்னை என்ன நடுத்தெருவுலயா விட்டுடுவேன்? வாரத்துக்கு ஒரு நாள் வா. அவளுக்கும் தலை சீவி விடு. என் தலையைச் சீவற கைதானே.

— அவ சின்னதுல ஒரு நாள் ஃப்ளோருக்குள்ள ஓடி வந்து உன் புடவையைப் பிடிச்சுக்கிட்டா. ஞாபகம் இருக்கா? 'யார் வீட்டுக் குழந்தை இது, மேக்கப் கலையுது, தூக்கிட்டுப் போங்க'ன்னே. எல்லாரும் சிரிச்சாங்க. அவளுக்கு நெருப்பாக் காய்ச்சல் அடிக்கும்போது, வெளியூர் ஷூட்டிங்குக்கு முடி போட ஆள் வேணும்னு என்னை இழுத்துட்டுப் போனே. பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்தேன். அப்பல்லாம் உனக்கு அவ யாரோ. இன்னைக்கு ஒரு ஷாட்டுக்குப் பெத்தவளா?

— பேசு, பேசு. நல்லா வருது. நீயே அவ வேஷத்துல நடிச்சிருக்கலாம்.

— மேடம், ஷாட் ரெடி. டைரக்டர் கூப்பிடறார்.

— வரேன்னு சொல்லுப்பா. கட்டிலைத் துடைச்சாச்சா?

— துடைச்சாச்சு மேடம். ஆனா இது அந்தப் பொண்ணோட க்ளோசப்தான். உங்க முகம் ஃப்ரேம்ல வராது, காதும் முடியும்தான் தெரியும். உங்களுக்குப் பதில் டூப்பைப் படுக்க வெச்சுக்கலாம்னு டைரக்டர் சொன்னார். நீங்க ரெஸ்ட் எடுங்க.

— டூப் வேணாம். நானே படுக்கறேன்னு சொல்லு. டேக்ல நான் ஏதாவது முணுமுணுத்தாலும் ஓட்டத்தை நிறுத்த வேணாம்னு சொல்லு. சத்தமெல்லாம் டப்பிங்ல பேசிக்கலாம்.

— சரி மேடம்.

— அக்கா, உன் கால்ல விழறேன். இதோ, விழுந்துட்டேன் பாரு.

— எழுந்திருடி. புடவையை விடு. உன் விரல்ல என்ன, ரத்தமா?

— கண்ணாடி குத்திடுச்சு. அது கிடக்கட்டும்.

— கிடக்கட்டுமா? போய்க் கையைக் கழுவு. வெள்ளைத் துணியில ஒரு சொட்டு பட்டாலும் காலையில எடுத்த ஷாட்டோட ஒட்டாது.

— கடைசியாக் கேக்கறேன்க்கா. சாயங்காலம் வரைக்கும் பொறு. வீட்ல வெச்சுச் சொல்லு.

— வழியை விடு, மண்டு.

*

— தண்ணி கொடு. கைதட்டல் கேட்டியா?

— கேட்டேன்.

— லைட்மேன்லேருந்து டீ கொடுக்கற ஆள் வரைக்கும் மூக்கை உறிஞ்சறான். டைரக்டருக்கு 'கட்' சொல்லணும்னே தோணல. ஷாம்புவை ஆட்டோ வெச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நீ எங்க நின்னே?

— மானிட்டர் பக்கத்துல.

— அப்ப முகத்தைப் பார்த்திருப்பே. நான் கண்ணை மூடிக்கிட்டிருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியல. எப்படி இருந்துச்சு?

— சொல்லிட்டியா?

— கேட்டதுக்குப் பதில் சொல்லு. எப்படி இருந்துச்சு?

— முதல்ல சும்மா பார்த்தா. அப்புறம் எதையோ பிடிச்சுக்கிட்டு இருந்தவ கையை விட்ட மாதிரி இருந்துச்சு.

— அப்படியா! அப்படியா இருந்துச்சு? என் கன்னத்துல மூச்சு நின்னு போச்சு. சுடச்சுட ஒரு சொட்டு. அப்புறம் நிக்கவே இல்ல. என் தோளைப் பிடிச்சு உலுக்கினா பாரு, அது ஸ்கிரிப்ட்லயே இல்ல. எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு. பொணத்துக்குச் சிலிர்க்கக் கூடாதேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

— என்ன சொன்னே அவகிட்ட?

— உதடு அசையாம, 'நான்தான் உன்னைப் பெத்தேன். என்னைப் பார்த்து அம்மான்னு சொல்லு'ன்னேன். அவ்ளோதான் விஷயம்.

— சொன்னாளா?

— டயலாக்கே அதானே? சொன்னா. ஆனா இந்தத் தடவை டயலாக் மாதிரி இல்ல. அந்த 'அம்மா' எனக்கு. பெத்த இத்தனை வருஷத்துல முதல் தடவையா எனக்கு.

— 'கட்' ஆனதும் அவகிட்ட என்ன பேசினே?

— டைரக்டர்கிட்ட ஓகேவான்னு கேட்டேன்.

— அவகிட்டக்கா.

— எங்க பேச விட்டாங்க? கூட்டம் சூழ்ந்துருச்சு. உடனே தள்ளி நின்னு எடுக்கற ஷாட்டுக்குப் போயிட்டார். அப்புறம் சைடு. எல்லாத்துலயும் அதே அழுகை. நான் சொன்னேனா இல்லையா, உண்மை தாங்கும்னு? நீ ஏன் இப்படி நிக்கறே, எழவு விழுந்த மாதிரி? உக்காரு.

— நிக்கறேன்க்கா. பரவாயில்ல.

— கோவமா? இரு, உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லல இதை. மாடியில தோட்டத்தைப் பார்த்த மாதிரி ஒரு ரூம் இருக்குல்ல? அங்க அவளுக்குன்னு கட்டில் வாங்கிப் போட்டு வருஷமாச்சு. மேசை, அலமாரி, திரைச்சீலை எல்லாம். ஒவ்வொரு தடவை நீ அவளைக் கூட்டிட்டு வரும்போதும் சொல்லிடலாம்னு வாயெடுப்பேன். வராது. எவனோ எழுதிக் கொடுத்த வசனத்தை எல்லாம் ஒரே டேக்ல பேசறவ நான். எனக்கு நானே பேச வேண்டிய ஒரு வரி வராது. இன்னைக்குத்தான் வந்தது.

— கேமரா ஓடினதால வந்துச்சா?

— குத்தாத. எப்படியோ வந்துச்சுல்ல? இன்னைக்கு என்கூடத்தான் வரப் போறா. நீயே பார். துணிமணி எல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம்... யாரு கதவைத் தட்டறது? வா, உள்ள வா. கண்ணு! வா, வா. கதவைச் சாத்திட்டு வா. ஐயோ, மூஞ்சியெல்லாம் எப்படி வீங்கியிருக்கு பாரு.

— டைரக்டர் பேக்கப் சொல்லிட்டார் பெரியம்மா.

— இன்னும் என்ன பெரியம்மா? இங்க யாரும் இல்ல. மண்டு மட்டும்தான். அவளுக்குத் தெரியும். இப்படி என் பக்கத்துல உக்காரு.

— இல்ல, நிக்கறேன்.

— அதிர்ச்சியாத்தான் இருக்கும். கேளு கண்ணு, என்ன வேணா கேளு. ஏன் மறைச்சேன், ஏன் கொடுத்தேன், உன் அப்பா யாரு, எல்லாத்தையும் சொல்றேன்.

— எனக்குக் கேக்க ஒண்ணுமில்ல பெரியம்மா. எனக்குப் போன வருஷமே தெரியும்.

— என்ன தெரியும்?

— உங்களுக்குப் பொறந்தவன்னு.

— யார் சொன்னா உனக்கு?

— அம்மாதான். எனக்கு ஒரு ஆபரேஷன்னு ஆஸ்பத்திரிக்குப் போனோமே, அங்க ரத்தம் கேட்டாங்க. அம்மா ரத்தம் சேரல. ஏன்னு கேட்டேன். வெளிய பெஞ்சுல உக்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லிட்டாங்க.

— இவளா? இந்த மண்டு சொன்னாளா? சொல்லிட்டுத்தான் இன்னைக்கு என் கால்ல விழுந்து கெஞ்சினாளா?

— எனக்கு முதல்ல உங்க மேல கோவமே வரல. பாவம், பெத்த பொண்ணைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுச் சொல்ல முடியாமத் தவிக்கறாங்கன்னு நினைச்சேன். உங்க படம் எல்லாத்தையும் மறுபடி பார்த்தேன். நீங்க அழற சீன்லயெல்லாம் எனக்காகத்தான் அழறீங்கன்னு நினைச்சுப்பேன்.

— ஆமாண்டா கண்ணு! அதேதான்!

— உங்க வீட்டுக்கே வந்துடறேன்னு அம்மாகிட்டச் சண்டை போட்டேன். இன்னைக்குக் காலையில பெட்டி கட்டிக்கிட்டுத்தான் வந்தேன். கார்ல இருக்கு.

— கேட்டியா மண்டு? பெட்டியே கட்டிட்டா! நான் சொன்னேன்ல? அப்புறம் என்ன கண்ணு, வா, வீட்டுக்குப் போலாம். இரு, ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. இதெல்லாம் தெரிஞ்ச உனக்குக் காலையிலேருந்து ஏன் அழுகை வரல?

— வந்துச்சு. நீங்க கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருந்ததைப் பார்த்த முதல் டேக்லயே வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்.

— எதுக்குடி அடக்கணும்? வேஷமே போயிருக்கும்! பஸ் ஏத்தி அனுப்பியிருப்பாங்க!

— அனுப்பினா நீங்க வந்து தட்டிக் கொடுத்து, 'போனாப் போகுது, அம்மா நான் இருக்கேன்'னு சொல்வீங்கன்னு நான் நினைச்சேன்.

— நீ நினைச்சே. சரி. இவ என்ன நினைச்சா? மண்டு, என்ன நடக்குது இங்க? வாயைத் திறந்து சொல்லு.

— என்னை ஏன்க்கா கேக்கறே? அவளையே கேளு.

— கண்ணு, என்னைப் பார்த்துப் பேசு. எதுவா இருந்தாலும் என்னைப் பார்த்துச் சொல்லு.

— வாம்மா, பெட்டியோட நம்ம வீட்டுக்கே போயிடலாம். நான் பெட்டி கட்டும்போது நீ சொன்னபடியேதான் நடந்துச்சு. கேமரா ஓட ஆரம்பிச்சப்புறம்தான் பெரியம்மா சொன்னாங்க.